கம்பத்தில் ஆள் நிற்கிறார்

ரிப்காவின் காதில் ஒரு நல்ல செய்தி விழுந்தால் போதும், அஸர் தொழுகைக்குள் அது ஒழுங்கை முழுக்க, வீடு வீடாகப் போய்விடும்.

வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் முடியாது. யாரிடமாவது சொல்லும் வரை வயிற்றுக்குள் வண்டு பறப்பது போல இருக்கும். அப்படிப்பட்டவளின் வீட்டுக் கூரையில் சோலார் தகடுகள் ஏறினால் என்ன ஆகும்?

ஏறாவூரில், வாவிக்கு இறங்கிப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது அந்த வீடு. உம்மா றஸீனா, பத்து வயது ரிப்கா, ஐந்து வயதுத் தம்பி அஸ்பாக் மூவரும் அங்கே இருக்கிறார்கள். உம்மாவின் தம்பி அசனார் மாமா பக்கத்து வளவு வீட்டில் இருக்கிறார். ஓட்டோ ஓட்டுகிறார். வாப்பா இருப்பது கட்டாரில். அங்கே மிக உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி பொருத்துவது அவருடைய வேலை.

ஒவ்வொரு நாளும் இருட்டும் நேரத்தில் உம்மாவின் போன் ஒரு தரம் சிணுங்கும். வாப்பாவின் குரல் வரும்.

“இறங்கிட்டன் புள்ள.”

அவ்வளவுதான். ஆனால் அது வரும் வரை, தேநீருக்குச் சீனி போட்டோமா இல்லையா என்பதுகூட உம்மாவுக்கு நினைவிருக்காது. இரண்டு தரம் போட்டுவிடுவார். வாப்பாவின் குரல் தாமதமாகும் நாட்களில் தேநீர் பாயாசம் போல இனிக்கும்.

சோலார் தகடுகளை ஊர் மின்கம்பியோடு இணைக்க மின்சார சபையிலிருந்து வந்தவர் பிரதீஸ் அண்ணன். பக்கத்து ஊரான வந்தாறுமூலைக்காரர். இடுப்பில் அகலமான பட்டி, தோளில் கயிறு, பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டினார். ரிப்கா அவருடைய முழங்கைக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தாள்.

“இது போறதையும் எண்ணும், வாறதையும் எண்ணும் மகள்,” என்றார் அவர். “பகலில உங்கட கூரை குடுக்கிற கரண்டில மிச்சம் வெளிய போகும். இரவில வெளிய இருந்து உள்ள வரும். ரெண்டும் ஒரே கம்பியிலதான்.”

“வெளிய எண்டா எங்க?”

“பக்கத்து வீட்டுக்கு, அடுத்த வீட்டுக்கு. எங்க தேவையோ அங்க.”

ரிப்காவின் கண்கள் விரிந்தன. “ஸாதியா மாமிட பேனுக்கும் போகுமா?”

“ஓம், போகும்.”

வயிற்றுக்குள் வண்டு பறந்தது. “இன்னொரு விசயம் மகள், ஊர்க் கரண்ட் நிண்டா இந்தச் சோலர் பெட்டியும்...” என்று பிரதீஸ் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தபோது ரிப்கா வாசல் படலையைத் தாண்டியிருந்தாள்.

“மாமி! ஒங்கட பேன் எங்கட கரண்டில சுத்துது!”

எதிர்வீட்டு ஸாதியா மாமி தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்தார். “அப்ப கொஞ்சம் வேகமாச் சுத்தச் சொல்லு புள்ள. வேர்த்து ஊத்துது.”

பள்ளிக்கூடத்தில் கதை இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

“இனி எங்கட வீட்டில கரண்ட் போகவே போகாது,” என்று ரிப்கா அறிவித்தாள். “ஊருக்கே கரண்ட் இல்லாட்டியும் எங்களுக்கு இரிக்கும். கரண்ட் போனா எல்லாரும் எங்கட வீட்டுக்கு வாங்க. கார்ட்டூன் பாக்கலாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமையே கரண்ட் போனது. வகுப்புப் பிள்ளைகள் சொன்னபடி வந்துவிட்டார்கள். வரிசையாகப் பாயில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்கள். டிவியும் கறுப்பாக அவர்களைப் பார்த்தது. பேன் அசையவில்லை. கூரைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தகடுகளின் கரண்டை வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கிற, சுவரில் இருந்த சோலார் பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்து கிடந்தது.

“என்ன ரிப்கா, ஒங்கட சூரியன் இண்டைக்கு லீவா?” என்று கேட்டான் இஷாம்.

எல்லோரும் சிரித்தார்கள். ரிப்காவின் முகம் தொங்கிப்போனது.

மறுநாள் சந்தியில் பிரதீஸ் அண்ணனைக் கண்டதும் அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணன், ஒங்கட பெட்டி பழுது!”

“பழுதா? என்ன செய்யுது?”

“ஒண்டும் செய்யிதில்ல. அதுதான் பழுது. கரண்ட் போனா அதுவும் படுத்திருது. வெயில் இரிக்கி, தகடு இரிக்கி, எங்களுக்கு மட்டும் கரண்ட் இல்ல.”

பிரதீஸ் அண்ணன் சிரித்தார். பிறகு மேலே, கரண்ட் கம்பத்தைக் காட்டினார்.

“நேற்றுக் கரண்ட் நிண்ட நேரம் நான் எங்க நிண்டன் தெரியுமா? அந்தா, அதில. அறுந்த கம்பியக் கையில பிடிச்சுக்கொண்டு. கரண்ட் இல்லையெண்டு நம்பித்தானே பிடிக்கிறன்?”

“ஓம்.”

“அந்த நேரம் உங்கட கூரை மட்டும் வேலை செய்தா அந்தக் கரண்ட் எங்க போகும்?”

ரிப்கா யோசித்தாள். புதிய மீட்டர், ஒரே கம்பி, ஸாதியா மாமியின் பேன். அதற்கு அப்பால் கம்பம். கம்பத்தில் பிரதீஸ் அண்ணன்.

“ஒங்கட கைக்கு,” என்றாள்.

“அதுதான் அந்தப் பெட்டி படுக்குது. நாங்களும் சோதிச்சுப் பார்த்துத்தான் கை வைப்பம். எண்டாலும் எல்லாற்ற வீட்டுக்குள்ளயும் எட்டிப்பாக்க எங்களுக்கு ஏலுமா?” அவர் அவளுடைய தலையைத் தட்டினார். “எனக்கும் உன்னளவில ஒரு மகள் இருக்கா. அஜந்தா. நான் வீட்டுக்குப் போகும் வரைக்கும் வாசல் கேற்றிலதான் நிப்பா.”

வீட்டுக்கு வந்த ரிப்கா இந்தச் செய்தியை யாரிடமும் சொல்லவில்லை. வண்டு பறக்கவில்லை. வாப்பாவின் குரல் வரும் வரை உம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

பிறகு கச்சான் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் மேற்கேயிருந்து இந்த வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால், போட்ட உடுப்பு கொடியில் காய்வதற்குள் போட்டவர் காய்ந்துவிடுவார். தென்னைமரங்கள் பேய் பிடித்தது போலத் தலையை ஆட்டும்.

அந்த நாட்களில்தான் அஸ்பாக்கின் கோழியைக் கீரி பிடித்தது. கோழியின் பெயர் புள்ளிக்காரி. அடைகிடந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. முட்டைகள் மட்டும் மிஞ்சின. அஸ்பாக் அன்று சோறு தின்னவே இல்லை.

“அழாதங்க மகன்,” என்றார் உம்மா. “இதுகளுக்கு இனி நாமதான் தாய்.”

மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளைப் பெட்டி ஒன்றை அசனார் மாமா கொண்டுவந்தார். அதற்குள் ஒரு பல்பு பூட்டினார். ஒரு வெப்பமானியும் வைத்தார்கள். எவ்வளவு சூடு வேண்டுமோ அந்த இடத்தில் ரிப்கா சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். சூடு அந்தக் கோட்டை விடக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அன்றிலிருந்து அஸ்பாக் அந்தக் குஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கினான்.

ஒரு சனிக்கிழமை காலை அவன் அக்காவிடம் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

“ராத்தா! முட்டை பேசுது!”

உண்மைதான். காதை வைத்தால் உள்ளேயிருந்து “கீய்ங், கீய்ங்” என்று கேட்டது. ஒரு முட்டையில் அரிசிமணி அளவு வெடிப்பு. இன்னொன்றிலும் அப்படியே. அஸ்பாக் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய காற்று வந்தது. சந்திப் பக்கம் எதுவோ “சடார்” என்றது. பல்பு அணைந்தது. பேன் நின்றது. சோலார் பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது.

“தென்னோலை விழுந்து கம்பி அறுந்திட்டு!” என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

உம்மா பெட்டிக்கு மேல் போர்வையைப் போட்டார். ஆனால் வீட்டுக்குள் காற்று சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச நேரத்தில் வெப்பமானி சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது.

“குஞ்சு வெளிய வாற நேரம் சூடு குறைஞ்சா உள்ளுக்கயே ஓய்ஞ்சு போயிரும்,” என்று முணுமுணுத்தார் உம்மா. அஸ்பாக்கின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

ரிப்கா படலைக்கு ஓடினாள். ஒழுங்கை முனையில் ஒரு வாகனம் வந்து நின்றது. பிரதீஸ் அண்ணன் இறங்கினார். கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார். காற்றில் ஏணி ஆடியது. அவர் ஏறினார்.

அந்த நேரத்தில் அசனார் மாமா தன் ஓட்டோவில் வந்து சேர்ந்தார். வெயிலில் முற்றத்து நடுவே அதை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து எதையோ மூச்சுவாங்க இழுத்து இறக்கினார். ஒரு ஜெனரேட்டர்.

“கலியாண வீட்டுக்கு வெச்சிருந்த சாமான். கேட்டு வாங்கிட்டு வந்திட்டன். இனிப் பயப்பட வாணாம் ராத்தா!” என்றார் உம்மாவிடம்.

“குஞ்சுப் பெட்டிய இதில குத்துவமா மாமா?” என்று ரிப்கா ஆவலாகக் கேட்டாள்.

மாமா குத்திப் பார்த்தார். ஜெனரேட்டரின் ஓட்டைகள் பெரியவை. பெட்டியின் பிளக் சின்னது. பொருந்தவில்லை. பிறகு அவர் ஒரு வயரை எடுத்தார். அதன் இரண்டு முனையிலும் பிளக் இருந்தது.

“கவலை இல்ல. ஒரு பக்கத்த ஜெனரேட்டரில குத்துறது. மத்தப் பக்கத்த நம்மட சுவரில குத்துறது. முழு வீட்டுக்கும் கரண்ட் வரும்.” அவர் கண்ணைச் சிமிட்டினார். “இன்னும் ஒரு வேலை இரிக்கி. ஊர்க் கரண்ட் வந்திட்டெண்டு சோலர் பெட்டியும் ஏமாந்து எழும்பிரும். கூரையில இரிக்கிற வெயில் எல்லாம் நம்மட!”

ரிப்கா ஒழுங்கை முனையைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, அது மீட்டரால வெளியயும் போகும்.”

“போனாப் போகட்டும். ஊருக்குத் தர்மம்.”

“போஸ்ட்டில ஆள் நிக்கிறார் மாமா!”

மாமாவின் காதில் அது ஏறவில்லை. ஜெனரேட்டரை இயக்கும் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அப்படி அவருடைய கைகள் தடுமாறின.

“ராத்தா,” என்று உள்ளேயிருந்து அஸ்பாக் கூப்பிட்டான். அழுகிற குரல். “முட்டைட சத்தம் குறையுது.”

“பாத்தியா, நேரமில்ல,” என்றார் மாமா. வயரின் ஒரு முனையை ஜெனரேட்டரில் குத்தினார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தார்.

ரிப்காவுக்குப் புள்ளிக்காரியின் குஞ்சுகள் வேண்டும். அஸ்பாக் இன்னொரு முறை அழுவதைப் பார்க்க அவளால் முடியாது. ஆனால் எங்கோ ஒரு படலையில் அஜந்தா என்றொரு பிள்ளை நின்றுகொண்டிருப்பாள்.

ரிப்கா பாய்ந்தாள். மாமாவின் கையிலிருந்த வயரைப் பறித்தாள். ஜெனரேட்டரிலிருந்தும் பிடுங்கினாள். ஒரே ஓட்டமாக முற்றத்துக்கு ஓடி ஓட்டோவுக்குள் ஏறி, மழைக்குப் போடுகிற இரண்டு பக்கத் திரைகளையும் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் உடனே எழும்பினாள்.

“அல்லாஹ்வே! சுடுது!”

சீட் தோசைக்கல் போல இருந்தது. மூடிய திரைகளுக்குள் வெயில் சூடு மளமளவென்று நிறைந்தது. நெற்றியில் வேர்வை பொத்துக்கொண்டு வந்தது. ரிப்கா வயரைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது.

“ரிப்கா, வயரைத் தா!” மாமா வெளியே நின்று கத்தினார்.

“மாமா, கைய உள்ளுக்கு நீட்டுங்க.”

“என்னத்துக்கு?”

“நீட்டுங்களேன்!”

மாமா திரையை விலக்கிக் கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார். “அடுப்பு மாதிரி இரிக்கி!”

“குஞ்சுப் பெட்டிய இதுக்குள்ள வெப்பம் மாமா. சூடு கூடினாத் திரையத் தூக்குவம். குறைஞ்சா இறக்குவம்.” அவள் வயரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “வாப்பா உசரத்தில நிக்கக்குள்ள, கீழ யாராவது இப்படி ஒரு வயரக் குத்தினா?”

மாமா திரும்பி ஒழுங்கை முனையைப் பார்த்தார். கச்சான் காற்றில் சட்டை படபடக்க, ஒரு கையால் கம்பத்தையும் மறு கையால் அறுந்த கம்பியையும் பிடித்துக்கொண்டு மேலே ஒரு மனிதர் நின்றார்.

“அந்த மனிசன நான் யோசிக்கவே இல்ல புள்ள,” என்றார் மாமா. வயரை வாங்கிச் சுருட்டி, இரண்டு முனைப் பிளக்குகளையும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இது இனி எந்தச் சுவருக்கும் போகாது. வா, பெட்டியத் தூக்குவம்.”

குஞ்சுப் பெட்டி ஓட்டோவின் பின்சீட்டில் ஏறியது. மூடியைத் திறந்து, முட்டைகள் உலர்ந்துபோகாமல் இருக்க நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி ஒன்றை உம்மா அதன் மேல் விரித்தார். ரிப்கா வெப்பமானியைப் பிடித்துக்கொண்டாள்.

“கூடிட்டு! தூக்குங்க!”

மாமா ஒரு பக்கத் திரையைத் தூக்கினார்.

“குறையுது! இறக்குங்க!”

மாமா இறக்கினார். ஏழு வருடம் ஓட்டோ ஓட்டியும் இவ்வளவு கஷ்டமான பயணம் போனதில்லை என்று சொல்லிக்கொண்டார். கடைசியில் ஒரு திரையைப் பாதியில் கட்டியபோது சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. எல்லோரும் வேர்வையில் குளித்திருந்தார்கள். அஸ்பாக் மட்டும் பெட்டிக்குள் தலையை வைத்திருந்தான்.

“ஓட்டோ போகுமா?” பை ஒன்றோடு ஒரு பெரியவர் படலையில் வந்து நின்றார்.

“ஏலா!” என்றான் அஸ்பாக் தலையைத் தூக்காமல். “உள்ளுக்குப் பிள்ளை பிறக்கிது.”

பெரியவர் பதறிப்போனார். “அப்ப கெதியா ஆஸ்பத்திரிக்குப் போங்களேன்!”

மாமா விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே “டிக்” என்று ஒரு சத்தம். அரிசிமணி வெடிப்பு நீண்டு கோடானது. கோடு சுற்றி வந்தது. ஓடு இரண்டாகப் பிரிந்தது. ஈரமான, அலங்கோலமான, கண்ணைச் சரியாகத் திறக்கத் தெரியாத ஒன்று வெளியே விழுந்தது.

“கீய்ங்!”

“புள்ளிக்காரிட பிள்ளை,” என்றான் அஸ்பாக். மெதுவாகத்தான் சொன்னான். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் ஒழுங்கை முழுக்க ஒரே கூச்சல். “கரண்ட் வந்திட்டு!” ஸாதியா மாமியின் வீட்டு ரேடியோ பாடியது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள்.

ரிப்கா மட்டும் படலைக்கு ஓடினாள். கம்பத்தைப் பார்த்தாள். மேலே யாரும் இல்லை. பிரதீஸ் அண்ணன் தரையில் நின்று ஏணியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

சோலார் வீடு என்பதால் அவர் பெட்டியைப் பார்க்க வந்தார். அது உடனே எழும்பவில்லை. ஊர்க் கரண்ட் உண்மையாகவே வந்துவிட்டதா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பச்சை விளக்கைக் காட்டியது. குஞ்சுப் பெட்டி பழைய இடத்துக்கு வந்தது. பல்பின் கீழே ஐந்து குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இன்னும் இரண்டு முட்டைகள் பேசிக்கொண்டிருந்தன.

அசனார் மாமா இளநீர் வெட்டிக் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டு பிளக்குகளையும் எடுத்து, நடந்ததைத் தானே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. பிரதீஸ் அண்ணன் இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ரிப்காவைப் பார்த்தார்.

“குஞ்சு செத்துப் போயிருந்தா என்ன செய்திருப்பாய் மகள்?”

“அழுதிருப்பன்,” என்றாள் ரிப்கா. “அண்ணன், அஜந்தாவுக்குச் சொல்லிட்டீங்களா?”

“என்னத்தை?”

“இறங்கிட்டன் எண்டு. அவ பாத்துக்கொண்டு நிப்பா.”

பிரதீஸ் அண்ணன் போனை எடுத்தார். கொஞ்சம் அப்பால் தள்ளி நின்றார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“மகள், அப்பா இறங்கிட்டன்.”

அவர் போகும்போது, ஒரு குஞ்சு வளர்ந்ததும் அஜந்தாவுக்குத் தருவதாக அஸ்பாக் வாக்குக் கொடுத்தான். கீரி வராத இடமா என்று கேட்டு உறுதிசெய்த பிறகுதான் கொடுத்தான்.

இருட்டியது. உம்மா தேநீர் கலக்கினார். ஒரு தரம் சீனி போட்டார், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தரமும் போட்டார். அப்போது போன் சிணுங்கியது.

“இறங்கிட்டன் புள்ள.”

ரிப்காவின் வயிற்றுக்குள் வண்டு பறந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. காற்று, வயர், ஓட்டோ, பெரியவர், குஞ்சுகள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. ஆனால் போனை வாய்க்கருகே பிடித்தபோது முதலில் வந்தது இதுதான்:

“இங்கயும் எல்லாரும் இறங்கிட்டாங்க வாப்பா.”